நன்னி ‘நன்றி’ ஆன கதை

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாள்களில் கம்பத்திலிருந்து நமக்கு ஒரு நூற்படி வந்து சேர்ந்தது. கையெழுத்துப் படி என்று அதனைச் சொல்வதற்கில்லை. எந்தக் கையும் அதனை எழுதவில்லை. எண்பது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் தம் இளமைக்கால நினைவுகளைச் சொல்லச் சொல்ல, கல்லூரியில் பயிலும் பேத்தி கைப்பேசியை அவர் முன்னே வைத்திருக்கிறார். அக்கைப்பேசியே கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறது. அறுபது பக்கங்கள். குடும்பத்தார் அதனைச் சிறு நூலாக அச்சிட விரும்பி, அதற்கு முன்னர் ஒருமுறை பார்த்துத் தருமாறு நம்மைக் கேட்டிருந்தனர்.

பக்கங்களைப் புரட்டினோம். “நன்றி என்னை மடியில் வைத்துக் கதை சொல்லும்” என்றது முதற் பக்கம். “நன்றி விடியற்காலம் எழுந்து உளுந்து எடுத்துவிட்டுத் தொழும்” என்றது இரண்டாம் பக்கம். “பேங்க் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கஞ்சி” என்றது மூன்றாம் பக்கம். நன்றியைப் பெண்ணாக உருவகித்து எழுதும் புதுக்கவிதைப் போக்கோ இது என்று நாம் ஒரு கணம் மயங்கியதை மறைப்பானேன்? மூன்றாம் பக்கத்தில்தான் மயக்கம் தெளிந்தது. நன்றி என்பது நன்னி; உளுந்து என்பது உளு; பேங்க் என்பது பாங்கு. தாயைப் பெற்றவரும், தொழுகைக்குரிய தூய்மையும், பள்ளிவாசலின் அழைப்பும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து உருமாறிப் போயிருந்தன.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய செய்தியன்று இது. இன்று நம் இல்லங்களில் எத்தனையோ பேர் கைப்பேசியிடம் சொல்லியே எழுதுகின்றனர். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தாய் அனுப்பும் செய்தியும், ஜமாஅத்துக் கூட்டத்தின் குறிப்பும், மார்க்கச் சொற்பொழிவின் எழுத்துப் படியும் இவ்வாறே உருவாகத் தொடங்கிவிட்டன. நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றி அறியப்போவதில் ஒரு பகுதி இந்த எழுத்தரின் கை வழியே போகப்போகிறது. ஆகவே, நூல்களைத் திறனாயும் இப்பகுதியில் இம்முறை நூலை விடுத்து எழுத்தரைத் திறனாய முற்படுகிறோம்.

எழுத்தரின் வரலாறு

பேச்சைக் கேட்டு எழுதும் பொறி நேற்றுப் பிறந்ததன்று. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் ‘ஆட்ரி’ என்னும் கருவியைச் செய்தது. சுழியம் முதல் ஒன்பது வரை எண்களைச் சொன்னால் அது அறிந்துகொள்ளும், அவ்வளவே. பத்தாண்டுகள் கழித்து, 1962-இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்சிக்கு வைத்த ‘ஷூபாக்ஸ்’ 16 ஆங்கிலச் சொற்களை அறிந்தது. இயல்பான வேகத்தில், சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் பேசுவதை எழுதும் ‘டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்’ என்னும் மென்பொருள் 1997-இல் கடைக்கு வந்தது. அதுவும் தமிழுக்கு அன்று. 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் வேறு ஏழு இந்திய மொழிகளையும் சேர்த்தது. அதன் பின்னரே சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் தமிழர் எவரும் வாயால் எழுதலாம் என்னும் நிலை பரவலாயிற்று.

இதன் நன்மையைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. கம்பத்து மூதாட்டியார் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எழுதுகோலும் தாளும் மட்டுமே இருந்திருந்தால் அவருடைய அறுபது பக்கங்களும் அவரோடு போயிருக்கும். கண் பார்வை இல்லாதோர்க்கும், கை நடுங்கும் முதியோர்க்கும், எழுதப் படிக்க வாய்ப்பில்லாமற்போன நம் தாய்மார்க்கும் இப்பொறி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் தடுமாறும் படித்தவர் பலரைக் காட்டிலும் இது ஒழுங்காக எழுதுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் நமக்குள்ள குறை எழுத்துப்பிழை பற்றியதன்று. எழுத்துப்பிழையே இல்லாத பிழை பற்றியது.

எங்கே தவறியது?

நல்லவேளையாக, பேத்தி மற்றொரு கைப்பேசியில் பாட்டியின் பேச்சை ஒலிப்பதிவும் செய்திருந்தார். நாம் கம்பத்துக்கே சென்று அதனைக் கேட்டோம். ஒருபுறம் ஒலி, மறுபுறம் எழுத்து. வரி வரியாக ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது.

முல்லைப் பெரியாறு என்று அவர் சொன்ன இடமெல்லாம் முல்லைப் பெரியாறு என்றே இருந்தது. குமுளி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்ப்பெயர்களில் ஒன்றிலும் பிழையில்லை. ஏலக்காய், திராட்சை, சுருளி அருவி, மதுரை ஆஸ்பத்திரி யாவும் சரி. மலைக்கு ஏறிப்போய் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றி அவர் சொன்ன நீண்ட பகுதியில் கைவைக்க வேண்டிய இடங்கள் மிகச் சிலவே. ஆனால் பேச்சு தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் எழுத்து தடுமாறிற்று. நன்னி நன்றியானார். அத்தா அத்தையானார். பெற்ற தந்தை தந்தையின் உடன்பிறந்தாளாக மாறி, அந்த அத்தையே பக்கந்தோறும் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு போடிச் சந்தைக்குப் போய்வந்தார்!

இதற்குப் பொறுப்பு பாட்டியின் உச்சரிப்பன்று. குமுளியைச் சொன்ன வாய்தான் நன்னியையும் சொன்னது. ஒன்று விளங்கி மற்றொன்று விளங்காமற்போனது ஏன்?

பொறி வேலை செய்யும் வகையை அறிந்தால் விடை கிடைக்கும். அது ஒலியை நொடியின் நூறில் ஒரு பங்கு அளவான சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. இவ்வொலி இச்சொல்லாக இருக்கலாம், அச்சொல்லாகவும் இருக்கலாம் என்று பல சொற்களை எடைபோடுகிறது. தான் முன்பு பயின்ற மொழியில் எந்தச் சொல் எந்தச் சொல்லின் பக்கத்தில் மிகுதியாக வந்தது என்பதையும் அந்த எடையில் சேர்த்துக்கொண்டு, வருவதற்கு வாய்ப்பு மிகுந்த சொல்லை எழுதிவிடுகிறது. ஆகவே அது எழுதுவது கேட்டதை மட்டுமன்று. கேட்பதற்கு எதிர்பார்த்ததையும் கலந்துதான். நன்றி என்ற சொல்லை அது பல்லாயிரம் முறை சந்தித்திருக்கிறது. நன்னியை அது சந்தித்ததே இல்லைபோலும். எனவே நன்னி வந்து நின்றபோது, தனக்குப் பழக்கமான நன்றியை அவரிடத்தில் உட்கார்த்திவிட்டது.

மனித எழுத்தர் ஒருவர் இதே இடத்தில் என்ன செய்வார்? “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பார், கேட்கக் கூச்சமானால் இடம் விட்டு எழுதுவார், அல்லது தாறுமாறாக எழுதி, படிப்பவர்க்கு ஐயம் எழச் செய்வார். இந்த எழுத்தர் கேட்பதுமில்லை, இடம் விடுவதுமில்லை. தெரியாத சொல்லின் மேல் தெரிந்த சொல்லை, அழகிய எழுத்தில், ஒற்றுப்பிழையின்றிப் போர்த்திவிடுகிறது. பிழைதிருத்துவோர் கண் வழுக்கிக்கொண்டு போகும் இடம் இதுவே. சிதைந்த சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். மாற்றி வைக்கப்பட்ட நல்ல சொல் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு குறையும் உண்டு. மூதாட்டியார் பேச்சின் நடுவே மசலா வகைப் பாடல் ஒன்றைச் சில அடிகள் பாடியிருந்தார். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிரம் மசலா’ தொட்டு மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று நம் முன்னோர் வளர்த்த இலக்கியங்களில் பல, எழுத்தறியாப் பெண்களின் செவிவழியே வீடுகளில் வாழ்ந்தவை. பொறியோ, பாட்டு எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்று அறியாமல், அடியும் சீரும் அற்ற உரைநடையாக அதனை முன்பின் பேச்சோடு ஒட்டிவிட்டது. அவர் நிறுத்திய இடம், பெருமூச்சு விட்ட இடம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட இடம் எதுவும் தாளில் இல்லை. பெரியகுளம் தந்த கவிஞர் மு. மேத்தாவின் தலைமுறையினர், ஓர் அடியை எங்கே முறிப்பது என்பதிலேயே பாதிப் பொருளை வைத்தனர். மௌனத்தை எழுதத் தெரியாத எழுத்தரிடம் கவிதையை ஒப்படைக்கலாகாது என்பது நம் துணிபு.

குற்றம் யாருடையது?

இதுகாறும் பொறியின் மேல் குற்றம் சாட்டினோம். இனி நீதியோடு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இப்பொறிக்குத் தமிழ் கற்பித்தவர் யார்?

சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ ஆய்வுக்குழு 2022-இல் ‘ஷ்ருதிலிபி’ என்னும் பேச்சுத் தொகுப்பை வெளியிட்டது. 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சு; அது பெறப்பட்ட இடம் அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகள். அதே ஆண்டு செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’ 6,80,000 மணி நேரப் பேச்சில் பயின்றது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்குக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 1,17,000 மணி நேரம். தமிழ் அந்த 96-இல் ஒன்று. வானொலிச் செய்தியில் முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் வரும். போடி ஏலக்காய் விலையும் வரும். நன்னி வருவாரா? அங்கே அமைச்சர் வந்தார், ஆட்சியர் வந்தார். “அத்தா வந்தாக” என்று எந்தச் செய்தியாளர் படித்தார்?

அச்சிட்ட தாளைப் பார்ப்போமானால் அங்கேயும் இதே நிலைதான். இங்கேதான் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நம் சமுதாயத்து இதழ்களுக்குத் தாய்மார்கள் எழுதிய கடிதங்களிலும் கதைகளிலும் நன்னி, அத்தா, உளு, அங்கிட்டு, இங்கிட்டு, வந்தாக, போனாக ஆகியன வந்தபோதெல்லாம் பேனாவை எடுத்தவர்கள் நாமே. நன்னியைப் பாட்டியாக்கினோம், அத்தாவைத் தந்தையாக்கினோம், உளுவை அங்கத் தூய்மையாக்கினோம். கொச்சை நீக்கினோம் என்று மனநிறைவும் கொண்டோம். இன்று பொறி செய்வதை நேற்று நாம் கையால் செய்தோம். நாம் அச்சில் ஏற்றாத சொல்லைப் பொறி எங்கே போய்ப் படிக்கும்? இந்த எழுத்தர் நம் மாணவர். ஆசிரியரின் புறக்கணிப்பே மாணவரின் அறியாமையாக வந்து நிற்கிறது.

இதற்கு விலக்கும் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தேங்காய்ப்பட்டணத்து மக்களின் நாவில் புழங்கிய சொற்களோடு ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது, 1988-இல் நூலாயிற்று. 1997-இல் அவருடைய ‘சாய்வு நாற்காலி’ சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கடற்கரைப் பேச்சை ‘திருத்தி’யிருந்தால் தமிழ் எத்தகைய செல்வத்தை இழந்திருக்கும்! கடற்கரைக்குக் கிடைத்த அப்பேறு கம்பம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் வீடுகளுடைய பேச்சுக்கு அதே அளவில் கிடைத்ததா? மலையும் ஏலமும் திராட்சைப் பந்தலும் இலக்கியத்தில் ஏறின. அந்த வீடுகளின் அடுப்படிப் பேச்சு எத்துணை ஏறிற்று என்று ஆராய்வோர் ஆராய்க.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நம் முன்னோரின் விழிப்பு வியப்பைத் தருகிறது. தமிழ் எழுத்தில் அரபு ஒலி கெடுகிறது, அரபு எழுத்தில் தமிழ் ஒலி கெடுகிறது என்று கண்டபோது அவர்கள் ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. அரபு எழுத்துகளுக்குக் குறிகள் கூட்டி, தமிழின் ஒலிகளுக்கும் இடம் செய்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையையே சமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நூல்கள் இயற்றினர். ஒலிக்காக எழுத்தை வளைத்தவர்களின் வழிவந்தோர், எழுத்துக்காக ஒலியை வளைக்க உடன்படுவது எவ்வாறு தகும்?

எழுதியது எப்போது எழுதியதாகும்?

சொல்லக் கேட்டு எழுதுதல் நம் மரபுக்குப் புதிதன்று. ‘இம்லா’ என்ற பெயரில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் அவைகள் இஸ்லாமியக் கல்வியுலகில் பெரும் சிறப்போடு நடந்தன. அங்கே எழுதி முடிப்பதோடு கடமை முடிவதில்லை. எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்துச் சரிபார்த்தல் வேண்டும். அதற்கு ‘முகாபலா’ என்று பெயர். உர்வா இப்னு ஸுபைர் அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதினாயா என்று வினவி, பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தாயா என்றும் வினவி, அவர் இல்லையென்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்னும் கருத்துப்படக் கூறியதாக ஓர் அறிவிப்பு உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அச்சொல், இன்றைய கைப்பேசிக்கென்றே சொல்லப்பட்டது போல் இருக்கிறது.

அந்த முறையையே கம்பத்தில் கையாண்டோம். பேத்தி படியை உரக்க வாசிக்க, மூதாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி மடியில் வைத்துக் கதை சொன்னபோது சிரித்தார். அத்தை வண்டியோட்டியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: “அத்தை மையத்தை அரசுக்கு எடுத்தார்கள்.” ஏதோ நிலையத்தை அரசுடைமையாக்கிய செய்திபோல் இருந்த அவ்வரியை, சென்னையில் வாசித்தபோது நாம் ஐயுறாமலே கடந்துவிட்டிருந்தோம். பேத்தியும் கடந்தே போனார். மூதாட்டியார் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒலிப்பதிவைப் போட்டோம். மெல்லிய குரலில் வந்தது: “அத்தா மையத்த அஸருக்கு எடுத்தாக.”

தந்தையின் உடலைப் பிற்பகல் தொழுகை வேளைக்கு எடுத்துச் சென்றார்கள். பத்து வயதுச் சிறுமியாக நடைவாசலில் நின்று பார்த்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்திருந்து அவர் அன்றுதான் வாய் திறந்து சொன்னது.

“என்ன தம்பி, எங்கத்தாவையே மாத்திருச்சே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பேத்தி எழுதுகோலை எடுத்தார். பழக்கத்தினால் “தந்தையின் உடலை” என்று தொடங்கியவர், பாட்டியின் முகத்தைப் பார்த்தார்; அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே நான்கு சொற்களையும் எழுதினார். அறுபது பக்கங்களிலும் ஒரு கை எழுதிய முதல் வரி அதுதான்.

நாம் வேண்டுவது

இப்பொறியை ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒதுக்கியிருந்தால் அந்த நான்கு சொற்களும் நமக்குக் கிடைத்திரா. மூன்று செய்திகளை மட்டும் வாசகர் முன் வைக்கிறோம்.

முதலாவது: பெரியவர்களின் நினைவைப் பதிவு செய்யும் எவரும் ஒலியையும் தனியே காத்துவைக்க வேண்டும். எழுத்து மட்டும் எஞ்சி ஒலி அழிந்துவிட்டால், மையத்தும் மையமும் என்றென்றைக்கும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது: பொறி எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பலாகாது. நாம் படித்துப் பார்த்தோம் என்பது போதாது. நமக்குத் தெரியாத இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது: நம் சொற்களைப் பொறிக்குக் கற்பிக்கும் வழி இன்று திறந்தே இருக்கிறது. ஏஐ4பாரத் குழு 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில் 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல்கள் இடம்பெற்றன. எழுதி வைத்ததைப் படிக்கச் சொல்லாமல், தம் போக்கில் பேசவிட்டுப் பதிந்த பேச்சே அதில் பெரும்பகுதி. மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ தளத்தில் எவரும் தம் குரலை ஈயலாம். தமிழுக்கும் அங்கே இடமுண்டு. 1956 முதல் உத்தமபாளையத்தில் கல்விப்பணி ஆற்றிவரும் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற நிறுவனங்களின் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் நன்னிமார் அருகே அமர்ந்து கேட்டால், பள்ளத்தாக்கின் பேச்சு முழுவதும் சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும். இதழ் நடத்துவோராகிய நாமும் சிவப்பு மையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பத்து நூல் இப்போது அச்சில் இருக்கிறது. அதில் நன்னி நன்னியாகவே இருக்கிறார். மெய்ப்புத் திருத்தும் நண்பர், “இது நன்றியா, பிழையா?” என்று ஓரத்தில் கேள்விக்குறி இட்டு அனுப்பியிருந்தார். பிழையன்று, அப்படியே இருக்கட்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினோம்.